பதினாறு போல்ட்டு

ஈஸ்வரமூர்த்திக்குப் பயம் வந்துவிட்டது என்று சொன்னால் அது சுத்தப் பொய். எங்கேயாவது போயிருந்தால்தானே அது வருவதற்கு? காலையில் அவன் கண் விழிப்பதற்கு முன்பே அது எழுந்து பல் விளக்கி, கட்டிலின் கால்மாட்டில் தயாராக உட்கார்ந்திருக்கும். சின்ன வயதில் எங்காவது விழுந்தானா, எதையாவது கண்டு அரண்டானா என்று காரணம் தேடிக்கொண்டு போக வேண்டாம், அப்படி ஒரு மண்ணும் கிடையாது. சிலருக்குச் சளி பிடித்த உடம்பு என்பார்கள் இல்லையா, இவனுக்குப் பயம் பிடித்த உடம்பு, அவ்வளவுதான். ஆனால் தன் வாயால் அதைப் பயம் என்று ஒத்துக்கொண்டதே இல்லை. "இது பயமில்ல, ஜாக்கிரதை" என்பான். முப்பத்தெட்டு வயது வரைக்கும் இதையே சொல்லிக் காலம் தள்ளிவிட்டான். இப்போது பொள்ளாச்சி ரோட்டில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிற ஒரு பண்ணைப் பூங்காவின் வாசலில், வலது கையில் மகிழினியையும் இடது கையில் துருவனையும் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மணி பத்து. பெண்ணுக்கு எட்டு வயது, பையனுக்கு நாலு. சாயங்காலம் ஆறு மணிக்கு இவர்களை இவர்களுடைய அம்மா கோகிலாவிடம் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், கூட்டிவந்த மாதிரியே, ஒரு கீறல் இல்லாமல். எட்டு மணி நேரம். எட்டு மணி நேரத்தில் என்னதான் நடக்காது? உள்ளே ஆடு இருக்கிறது, மாடு இருக்கிறது, வாத்துக் குளம், மாட்டுவண்டி. வண்டிச் சக்கரம் என்று நினைத்த மாத்திரத்தில் பிள்ளைகளை வாசலிலிருந்து ரெண்டடி பின்னால் இழுத்தான். சட்டைப் பையிலிருந்து மார்க்கரை எடுத்தான். கம்பெனி மார்க்கர். கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறான் அவன், குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். பம்ப்பைத் தண்ணீரில் ஓடவிட்டு, கசிகிறதா பார்த்து, காதை வைத்துச் சத்தம் கேட்டு, எல்லாம் சரியென்றால் அதன் முதுகில் தேதி போடுகிற மார்க்கர், லேசில் அழியாது. "ரெண்டு பேரும் கையக் காட்டுங்க." முழங்கைக்குக் கீழே போன் நம்பரின் பத்து எண்களை எழுதினான். ஸ்கூல் ஃபாரம், தடுப்பூசி அட்டை, வேன்காரர் நோட்டு என்று எத்தனை இடத்தில் எழுதிய எண், யோசிக்கவே வேண்டாம், கை தானாக ஓடியது. மகிழினி தன் கையைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது..." என்று ஆரம்பித்தாள். "அசையாத, கலைஞ்சுரும்" என்றான். "நல்லாக் கேட்டுக்கங்க. ஒருத்தர ஒருத்தர் காணோம்னா அங்கயும் இங்கயும் ஓடக்கூடாது. நின்ன எடத்துலயே நிக்கணும். இங்க வேல பாக்கறவங்ககிட்ட இந்த நம்பரக் காட்டணும். என்ன சொன்னேன்?" "நின்ன எடத்துலயே நிக்கணும்" என்றான் துருவன், கண் முழுக்க உள்ளே இருந்த வான்கோழி மேலேயே. மகிழினி தன் கையையே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

முதலில் முயல். ஒரு முயலைத் தூக்கித் துருவன் மடியில் வைத்தார்கள், அது மூக்கை மூக்கை ஆட்டியது. முயல் கடிக்குமா? பல் இருக்கிறது, பிறகு ஏன் கடிக்காது? கடித்தால் ஊசி போட வேண்டுமா? பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே? வரும் வழியில் ஒன்று பார்த்தான், பச்சை போர்டு, அது மாட்டாஸ்பத்திரியோ என்னவோ. "போதும் சாமி, கை கழுவலாம்." குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கழுவினான். கோழிக்குஞ்சைத் தொட்டார்கள், மறுபடியும் கழுவினான். குழாயடி வழுக்கியது, வழுக்கி விழுந்தால் தலை அந்தச் சிமெண்டு விளிம்பில்தான் அடிக்கும், கை கழுவக் கூட்டிவந்ததே தப்போ? "எத்தன தடவப்பா?" என்றாள் மகிழினி. கோபமாகக்கூட இல்லை, சலித்துப்போய்க் கேட்டாள், அவள் அம்மாவின் சலிப்பு அப்படியே. டெஸ்டிங் கூடத்துக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். கோகிலா கூட இருந்த காலத்தில், டீ நேரம் வந்ததும் எல்லாரும் டீக்குப் போனால் இவன் கேட்டுக்கு ஓடுவான், போனை எடுத்துக் கோகிலாவைக் கூப்பிடுவான். கேஸ் மூடினியா, வேன் வந்துச்சா, மொட்டைமாடிக் கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கா? எட்டு வருஷம் அவள் பதில் சொன்னாள். பிறகு ஒரு நாள், ஸ்கூலிலிருந்து ஒரு ஃபாரம் வந்தது, குழந்தைகளைப் பண்ணைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறோம், பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று. இதே பூங்கா. இவன் கையெழுத்துப் போடவில்லை. கோகிலா போட்டதை அடித்துவிட்டு, "அனுப்ப விருப்பமில்லை" என்று எழுதி அனுப்பினான். அன்றைக்கு வகுப்பே போய் மாட்டுப்பால் கறந்துவிட்டு வந்தது, மகிழினி மட்டும் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து படம் வரைந்தாளாம். என்ன படம் என்று அவன் இன்றுவரைக்கும் கேட்கவில்லை, கேட்கவும் பயம். அந்த வாரம்தான் கோகிலா பெட்டி கட்டினாள். "உங்ககூடக் குடும்பம் நடத்திருவேனுங்க, உங்க பயத்துகூட என்னால முடியல" என்றாள். "பயமில்ல கோகிலா, ஜாக்கிரதை" என்றான் இவன், அப்போதும். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. மாதம் ஒரு சனிக்கிழமை, கோர்ட்டு வளாகத்தில், சக்கரம் போன பொம்மைக் கார்கள் கிடக்கிற ஓர் அறையில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் இவனுக்குப் பிள்ளைகள். போன மாதம் அவளே சொன்னாள், "ஒரு நாள் வெளிய கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. அது நல்லபடியா நடந்தா, அடுத்த மாசம் உங்க வீட்ல ராத்திரி தங்கறதப் பத்திப் பேசலாம்." எங்கே போகணும் என்று கேட்டதற்கு மகிழினி யோசிக்கவே இல்லை. பால் கறக்கணும் என்றாள்.

ஆட்டுப் பட்டியில் ருக்குமணி என்று ஒரு அம்மாள் இருந்தார், சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, கையில் அகத்திக்கீரைக் கத்தைகள். ஆடுகள் மூங்கில் தடுப்புக்கு மேலே தலையை நீட்டின. துருவன் பயப்படாமல் கீரையை நீட்டினான். அவன் எப்படிப் பயப்படாமல் இருக்கிறான் என்பதே ஈஸ்வரமூர்த்திக்கு ஒரு பயமாக இருந்தது. "ஏனுங் சார், நீங்களும் ஒரு கத்தை குடுங்க, ஒண்ணும் பண்ணாதுங்க" என்றார் ருக்குமணி. வாங்கிக்கொண்டான். ஆடு இழுத்தபோது அவன் கை தானாகப் பின்னால் போனது, பிள்ளைகள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அப்போது ஒரு நிமிஷம், நிஜமாகவே ஒரு நிமிஷம், எல்லாம் நன்றாக இருந்தது. வெயில் உறைக்கவில்லை. துருவன் தலையில் ஒரு கீரைத் தழை. மகிழினி ஒரு குட்டிக்கு மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பாழாய்ப்போன மனசு அதைப் பொறுக்குமா? "பால் எப்பங்க கறப்பாங்க?" என்று கேட்டான். "பதனொன்றரைக்குங்க. கொழந்தைகளுக்குன்னே ஒரு மாட்டக் கறக்காம வெச்சிருப்பாங்க. அந்தக் கெணத்தத் தாண்டிப் போனா மாட்டுக் கொட்டாய்ங்க." கிணறு. அவ்வளவுதான், அந்த வார்த்தை தொண்டையில் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது. கிணறா? கிணற்றைத் தாண்டியா? எத்தனை ஆழம்? இந்தப் பக்கத்துக் கிணறுகள் கேட்கவே வேண்டாம், அறுபதடி, எழுபதடி. சுற்றுச்சுவர் இருக்கும், இருக்குமா? பழைய சுவராக இருந்தால் துருவன் இடுப்பு உயரம்தான். மேலே வலை போட்டிருப்பார்கள், சரி, எந்த வலை? வெறும் கோழிவலையைப் போட்டுவிட்டு நாலு கல்லை வைத்திருந்தால்? "அதுக்கு மேல வல போட்டிருக்குதுங்களா?" "எதுக்குங்?" "கெணத்துக்கு." "அதெல்லாம் போட்டிருக்குதுங்க." அதெல்லாம் என்றால் என்ன அர்த்தம்? போய்ப் பார்த்தாரா? தட்டிப் பார்த்தாரா? மணி பதினொன்று. இன்னும் அரை மணியில் இரண்டு பேரையும் அந்த வழியாக நடத்திக் கூட்டிப்போக வேண்டும். முன்னாலேயே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டால் நிம்மதி. ரெண்டே நிமிஷம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாமே என்றால், சரியில்லாத கிணற்றுக்குப் பக்கத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போவானா ஒருத்தன்? "கொஞ்சம் பாத்துக்கங்க, இதோ வந்தர்றேன்" என்று ருக்குமணியிடம் கையைக் காட்டினான். அவர் ஒரு கிடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார், பார்த்தாரா இல்லையா தெரியாது. பிள்ளைகள் முதுகு காட்டி நின்றார்கள். கூப்பிட்டுச் சொன்னால் கூட வருகிறேன் என்பார்கள். சொல்லாமல் நடந்தான்.

கிணறு சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பெரிய சதுரக் கிணறு, அவன் நெஞ்சு உயரத்துக்குச் சுவர், மேலே இரும்பு வலை, கோணச்சட்டத்தில் பற்றவைத்து, சுவரில் போல்ட்டு போட்டு முறுக்கியது. கையை வைத்து அமுக்கினான், அசையவில்லை. இரண்டு கையாலும் அமுக்கினான். உடம்பு பாரம் முழுக்கப் போட்டுப் பார்த்தான், முனகக்கூட இல்லை. அப்புறம் போல்ட்டுகள். ஒரு பக்கத்துக்கு நாலு, ஒவ்வொன்றையும் விரலால் திருகிப் பார்த்தான், எண்ணிக்கொண்டே சுற்றிவந்தான். ஒன்றில் துரு. சட்டைப் பையிலிருந்த சாவியால் சுரண்டினான், துரு மேலோடுதான். கீழே எங்கேயோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. காதைச் சாய்த்துக் கேட்டான், அஞ்சு எச்.பி., பேரிங் நன்றாக இருக்கிறது, ஒரு கரகரப்பு இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் ஒழுங்காக வேலை செய்திருக்கிறான். எவ்வளவு நேரமோ அப்படியே நின்றான். உங்களுக்குச் சிரிப்பு வரலாம், ஆனால் அன்றைக்குக் காலையிலிருந்து அவனுக்கு நெஞ்சு லேசானது அங்கேதான். கெட்டது நடக்க இருந்த ஓர் இடத்தைக் கையால் தொட்டு இல்லை என்று ஆக்கிவிட்டான். கோகிலாவுக்கு இது புரிந்ததே இல்லை. பதினாறு போல்ட்டு, பதினாறும் சரி. ராத்திரி தங்கினால் பிள்ளைகளைச் சுவரோரம் படுக்க வைக்க வேண்டும், கட்டிலை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட வேண்டும், துருவன் தூக்கத்தில் உருளுவான். அடுத்த மாதத்தைப் பற்றிப் பயமில்லாமல் நினைத்தது அதுதான் முதல் தடவை. மணியைப் பார்த்தான். பதினொன்று இருபது.

இருபது நிமிஷமா? ரெண்டு நிமிஷம் என்றுதானே வந்தான். குறுக்கு வழியில் போனால் சீக்கிரம் என்று சோளக்காட்டு வரப்பில் நடந்தான், ஓடினான் என்றே சொல்லலாம். மூங்கில் தடுப்பு தெரிந்தது. ஆடுகள் தலையை நீட்டின. பிள்ளைகள் இல்லை. ருக்குமணி இல்லை. யாருமே இல்லை. காலியாக ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் ஒரு காக்காய். "மகி" என்றான். குரல் வெளியே வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை. "மகி! துருவா!" ஆடுகள் அவனைப் பார்த்து மென்றன. சரி, யோசி, யோசி. கை கழுவப் போயிருப்பார்கள். குழாயடி எந்தப் பக்கம்? வாத்துக் குளம் எந்தப் பக்கம்? குளம் எத்தனை ஆழம் என்று பார்க்கவே இல்லையே, கிணற்றைப் பார்த்தானே ஒழிய குளத்தைப் பார்க்கவே இல்லையே! குளத்துக்கு ஓடினான். முழங்கால் தண்ணீர், வாத்து, சின்னச் செருப்பு ஒன்றும் மிதக்கவில்லை, நாலு வயதுக்கு முழங்கால் தண்ணீர் போதாதா என்ன? மாட்டுவண்டியில் யார் யார் பிள்ளைகளோ கத்திக்கொண்டு போனார்கள், ஒவ்வொரு தலையாகப் பார்த்தான். வாசல். வாசலில் ஒரு கார் போனதே, வெள்ளைக் கார், அதில் பின்சீட்டில் யார்? ஆறு மணிக்கு அந்த வீட்டுக் கதவைத் தட்டும்போது தன் இரண்டு கையும் காலியாக இருப்பது தெரிந்தது, கோகிலா அவன் முகத்தைப் பார்க்காமல் அவன் கைகளையே பார்ப்பது தெரிந்தது. காலடியில் செருப்பு வழுக்கியது. எங்கே ஓடுகிறோம் என்று தெரியாமல் ஓடி நின்றபோது எதிரே அதே கிணறு. பூனைக்குட்டிகூட நுழைய முடியாது என்று இப்போதுதான் தன் கையாலேயே சோதித்துவிட்டுப் போன வலை. அதன் மேல் நெற்றியை அழுத்திக்கொண்டு உள்ளே பார்த்தான். கீழே தண்ணீர், அதில் வானம், அதில் கட்டம் கட்டமாக ஒரு ஆள் தலை. துருவா என்று கூப்பிட்டான், கிணறு துருவா என்றது. அப்போது போன் அடித்தது. திரையில் கோகிலா.

எடுக்கவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. சும்மா கேட்கக் கூப்பிட்டிருப்பாள், சாப்பிட்டார்களா என்று. என்ன சொல்வது? இன்னும் அஞ்சு நிமிஷம் கொடு, கோகிலா, தேடிக் கண்டுபிடித்துவிட்டுச் சொல்கிறேன். மறுபடியும் அடித்தது. இரண்டாவது தடவையும் எடுக்காவிட்டால் தெரிந்துவிடும்.

"சொல்லு கோகிலா."

"எப்படி இருக்காங்க பிள்ளைங்க?"

"நல்லா இருக்காங்க. மொயலுக்குக் கீரை குடுத்துட்டு இருக்காங்க. பக்கத்துலதான் நிக்கறேன்." மூச்சு இரைத்ததை விழுங்கிவிட்டுச் சொன்னான்.

போனின் வாயைக் கையால் பொத்தினான், மோட்டார் சத்தம் அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது.

"அங்க ருக்குமணின்னு ஒரு அம்மா இப்பத்தான் எனக்குப் போன் பண்ணுனாங்க" என்றாள். "பிள்ளைங்க ரெண்டும் ஆட்டுப் பட்டியில நிக்குதாம். அப்பாவக் காணோம்னு மகி கையக் காட்டுனாளாம். கையில என்னோட நம்பர் இருக்குது."

சுவரைப் பிடித்துக்கொண்டான். என்னோட நம்பர். இத்தனை வருஷமும் எல்லா ஃபாரத்திலும் எழுதிய நம்பர், பகலில் கூப்பிட்டால் எடுக்கிற ஒரே ஆளின் நம்பர். இருக்கிறார்கள். பட்டியில் இருக்கிறார்கள். "நான் போய்ப் பாத்தேன் கோகிலா, யாருமே இல்ல, சாமி சத்தியமா யாருமே இல்ல..."

"ரெண்டு பட்டி இருக்குதாமா. நீங்க வேற பட்டிக்குப் போயிருப்பீங்க. அவங்க நின்ன எடத்த விட்டு ஒரு அடி நகரலயாம். அசஞ்சாத் திட்டுவீங்கன்னு துருவன் ஒண்ணுக்கு வந்ததக்கூட அடக்கிட்டு நிக்கறானாம்." பிறகு கேட்டாள், "நீங்க எங்க நிக்கறீங்க?"

பொய் சொல்ல வாய் திறந்தான். வரவில்லை. "கெணத்துகிட்ட."

"கெணத்துக்கா போனீங்க?"

அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். அந்தக் குரலுக்கு அப்புறம் வருவதும் தெரியும். போச்சு, ராத்திரியும் போச்சு, சனிக்கிழமையும் போச்சு, இப்பவே கூட்டிட்டு வாங்க என்று சொல்லப் போகிறாள், சொல்லட்டும், நியாயம்தானே. காதோடு போனை அழுத்திக்கொண்டு காத்திருந்தான்.

"வல நல்லா இருக்குதா?" என்றாள்.

காதில் விழுந்தது சரிதானா என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. "நல்லா இருக்குது" என்றான். "பதினாறு போல்ட்டு. ஒண்ணுல மட்டும் லேசா துரு."

"ம்" என்றாள். "பயந்துட்டீங்களா?"

எத்தனை வருஷமாக இதற்கு ஒரே பதில். அந்தப் பதில் இப்போதும் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. "பயந்துட்டேன், கோகிலா" என்றான். "எனக்குப் பயம். எப்பவும் பயம். காலைல எந்திரிச்சதுல இருந்து பயமா இருக்குது." சொன்னதும் அழுகை வந்துவிட்டது, கிணற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான், அங்கே பார்க்க யாரும் இல்லை என்றாலும்.

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரி, அங்கயே நில்லுங்க. இனி நீங்க தேடிப் போகாதீங்க, இன்னொரு பட்டிக்குப் போயிருவீங்க. ருக்குமணியம்மாகிட்டச் சொல்றேன், பிள்ளைங்க வந்து உங்களக் கூட்டிட்டுப் போகும்." வைக்கப் போனவள் மறுபடியும் சொன்னாள், "பால் கறக்காமக் கூட்டிட்டு வந்தராதீங்க. ஒரு வாரமா அதையேதான் பேசிட்டிருக்கா. ஆறு மணிக்கு வந்தாப் போதும். மத்தத அப்பறம் பேசிக்கலாம்."

அவன் அங்கேயே நின்றான். சோளக்காட்டு வரப்பில் முதலில் ருக்குமணியின் தொப்பி தெரிந்தது, பிறகு அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு துருவன், அவன் கையைப் பிடித்துக்கொண்டு மகிழினி. "அப்பா, நீ காணாமப் போயிட்ட!" என்று துருவன் தூரத்திலேயே கத்தினான், கத்திவிட்டு வரப்போரமாக டிரவுசரை இறக்கினான். "ஏனுங் சார், சொல்லிட்டுப் போகப்படாதுங்களா?" என்றார் ருக்குமணி. "இந்தப் பொண்ணு அழுகவே இல்லீங்க. எங்கப்பாவுக்கு வழி தெரியாது, பாவம், அவரக் கூட்டிட்டு வரணும்னு சொல்லுதுங்க." ஈஸ்வரமூர்த்தி குனிந்து இரண்டு பேரையும் தொட்டுப் பார்த்தான், முட்டி, முழங்கை, தலை, ஒரு கீறல் இல்லை. "காலைலயே சொல்ல வந்தேன், அது அம்மா நம்பர்னு" என்றாள் மகிழினி. "நீங்க அசையாதன்னுட்டீங்க." "அன்னைக்கு ஆபீஸ் ரூம்ல என்ன படம் வரைஞ்ச, மகி?" என்று கேட்டான், ஏன் இப்போது கேட்கிறோம் என்று அவனுக்கே தெரியாமல். "மாடுதான்" என்றாள். "ஆனா பாக்காம வரைஞ்சதுல, அது நாய் மாதிரி இருந்துச்சு." பிறகு அவன் சட்டைப் பைக்குள் கைவிட்டு மார்க்கரை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினாள். "கையக் காட்டுங்க." காட்டினான். தன் கையைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் எண்ணாக, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு அவன் முழங்கைக்குக் கீழே எழுத ஆரம்பித்தாள். மார்க்கர் ஜில்லென்று இருந்தது. எண் சரியா என்று அவன் கையைத் திருப்பிப் பார்த்தான், எழுத்து கோணியது.

"அசையாதீங்கப்பா" என்றாள்.

கொட்டாய்ப் பக்கம், இன்னும் கறக்காமல் வைத்திருந்த மாடு கத்தியது. அவள் எழுதி முடிக்கும்வரை அவன் அசையாமல் நின்றான்.